கார்டை உருவுவதா, அறுத்து சுவிட்ச் வைப்பதா? சும்மா இருக்கும் லேப்டாப்பின் சார்ஜ் கணக்கு

ஃப்ரேம்வொர்க் லேப்டாப் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு பேட்டரிக்கு வந்துவிடும், அங்கிருந்து நேராக "எந்த ஸ்லாட்டுல என்ன கார்டு போட்டிருக்க?" என்பதற்குப் போய்விடும். இந்த லேப்டாப்பைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சான் பிரான்சிஸ்கோவில் நீரவ் படேல் தொடங்கிய நிறுவனம், முதல் மெஷின் 2021-இல் வந்தது, பாகங்களை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. 13 அங்குல மாடலில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பொந்துகள் இருக்கும், ஒவ்வொரு பொந்தின் உள்சுவரிலும் ஒரு யூஎஸ்பி-சி சாக்கெட். அதில் பாதித் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கார்டைச் செருகினால் அந்த இடம் யூஎஸ்பி-ஏ ஆகும், எச்டிஎம்ஐ ஆகும், மெமரி கார்டு ரீடர் ஆகும், உங்கள் இஷ்டம்.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் சில கார்டுகள், அவற்றில் எதையும் சொருகாமல் சும்மா விட்டிருந்தாலும், கொஞ்சம் கரண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். இதைக் குறைக்க என்ன வழிகள், எது யாருக்குச் சரிப்படும், கார்டையே பிரித்து சால்டரிங் செய்வது எந்த அளவுக்குப் புத்திசாலித்தனம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். இதற்காக நான் சில வாரங்கள் அநியாயத்துக்கு நேரம் செலவழித்திருக்கிறேன், அது உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதலில் இது கவலைப்பட வேண்டிய விஷயமா என்று பார்த்துவிடுவோம். ஆரம்ப மாடல்களின் பேட்டரி 55 வாட்-மணி, 2023-இல் 61 வாட்-மணி பேட்டரியும் வந்தது. 55 என்றே வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தைக் குறைத்து, ஏதோ ஒரு பிடிஎஃப் படித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் 4 வாட் இழுக்கிறது என்றால் 13 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதே மெஷின் 5 வாட் இழுத்தால் 11 மணி நேரம். ஒரு வாட் என்பது டியூப்லைட் கணக்கில் ஒன்றுமே இல்லை, இங்கே இரண்டே முக்கால் மணி நேரம். மூடி வைத்திருக்கும்போது கதை இன்னும் மோசம். தூக்கத்தில் அரை வாட் போனால் ஒரு நாளைக்கு 12 வாட்-மணி, அதாவது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதோடு கார்டு இன்னொரு அரை வாட் சேர்த்துவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடி வைத்ததை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறக்கும்போது பன்னிரண்டு சதவீதம்தான் இருக்கும், திங்கள் காலைக்கு அதுவும் மிஞ்சாது.

இவை வெறும் கூட்டல் கழித்தல். உங்கள் மெஷினில் எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். எந்தத் தலைமுறை மதர்போர்டு, எந்தக் கார்டு, எந்தப் பொந்து, எந்த கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்பதைப் பொறுத்து இது நிறையவே மாறும்.

அளப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். சார்ஜரைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தை ஓர் இடத்தில் நிறுத்துங்கள், பிரவுசரை மூடுங்கள் (இதைச் செய்யாமல் அளந்துவிட்டு கார்டைத் திட்டுபவர்கள்தான் அதிகம்), பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். லினக்ஸில் பவர்டாப் என்ற கருவியைத் திறந்தால் பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும். குறித்துக்கொண்டு, கார்டை உருவிவிட்டு இன்னொரு பத்து நிமிடம். மறுபடி செருகி ஒரு தடவை, மறுபடி உருவி ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அளந்து முடிவுக்கு வராதீர்கள், பின்னணியில் ஏதாவது அப்டேட் ஓடினாலே அரை வாட் ஆடும். தூக்கத்தை அளக்க, இரவு மூடும்போது எத்தனை சதவீதம், காலையில் எத்தனை என்று பார்த்தால் போதும். எட்டு மணி நேரத்தில் 6 சதவீதம் போயிருந்தால் 3.3 வாட்-மணி, எட்டால் வகுத்தால் சுமார் 0.4 வாட்.

சரி, எதுவும் சொருகாத கார்டு ஏன் கரண்ட் இழுக்க வேண்டும்? இது புரிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் வழிகளில் எது வேலை செய்யும், எது செய்யாது என்பது தானாகவே தெரிந்துவிடும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

யூஎஸ்பி-சி பிளக்கில் நிறையப் பின்கள். அதில் சிசி என்று ஒரு பின் உண்டு. அதன் வேலையே "யாராவது வந்திருக்கிறார்களா" என்று பார்ப்பதுதான். லேப்டாப் பக்கம் அந்தப் பின்னை ஒரு ரெசிஸ்டர் வழியாக மேலே, அதாவது வோல்ட்டேஜ் பக்கம், இழுத்து வைத்திருப்பார்கள். கருவியின் பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அதைத் தரைக்கு (கிரவுண்ட், பூஜ்ய வோல்ட்) இழுக்கும். அந்த 5.1 கிலோ ஓம் தெரிந்த கணமே லேப்டாப் "வந்தாச்சு" என்று முடிவு செய்து 5 வோல்ட்டைத் திறந்துவிடும். தெரியாதவரை 5 வோல்ட் வெளியே வராது. அதனால்தான் காலியாக இருக்கும் சி சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது.

இப்போது யூஎஸ்பி-ஏ கார்டை நினைத்துப் பாருங்கள். பழைய காலத்து செவ்வக சாக்கெட்டுக்கு சிசி என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே அந்த 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கார்டுக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பென் டிரைவ் சொருகினாலும் சொருகாவிட்டாலும் லேப்டாப்பைப் பொறுத்தவரை விருந்தாளி வீட்டுக்குள் வந்தாயிற்று. 5 வோல்ட் திறந்திருக்கும், அதிவேகக் கம்பிகளை இணைக்கும் சில்லுகள் விழித்திருக்கும், சில மெஷின்களில் பிராசஸரும் தன்னுடைய ஆழமான தூக்க நிலைக்கு இறங்க முடியாமல் பாதிப் படியிலேயே நிற்கும். கார்டு தானாகக் குடிப்பது ஒரு சொட்டுதான். அது இருக்கிறதே என்று மெஷின் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பதுதான் பெரிய செலவு. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் தவறு என்று இதைச் சொல்ல முடியாது, கடையில் வாங்கும் எந்த சி-டு-ஏ அடாப்டரைச் சொருகி விட்டாலும் இதேதான் நடக்கும். யாரும் அடாப்டரைச் சொருகியபடியே ஆறு மாதம் விடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எச்டிஎம்ஐ கார்டு வேறு ஜாதி. அதற்குள் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு லேப்டாப்போடு பேசி டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வகைத் திரை இணைப்பு) சிக்னலை வாங்கும், இன்னொரு சில்லு அதை எச்டிஎம்ஐயாக மாற்றும். அதாவது கார்டே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். டிவி சொருகாதபோது அது எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பது அதன் ஃபர்ம்வேரையும் (சில்லுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) போர்டு வடிவமைப்பையும் பொறுத்தது. ஸ்டோரேஜ் கார்டு, ஈதர்நெட் கார்டு எல்லாம் இன்னும் ஒரு படி மேலே, அவை நிஜமான கருவிகள், எந்நேரமும் வேலைக்குத் தயாராக நிற்பவை.

யூஎஸ்பி-சி கார்டு மட்டும் பரம சாது. அது வெறும் நீட்டிப்பு, ரெசிஸ்டர் கிடையாது, சில்லு கிடையாது. சொருகி விட்டிருந்தாலும் காலிப் பொந்தும் அதுவும் லேப்டாப்புக்கு ஒன்றுதான்.

இனி வழிகளுக்கு வருவோம்.

கார்டை உருவி வைத்துவிடுவது. சிரிக்காதீர்கள், எல்லா வழிகளையும் முயன்ற பிறகும் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லும் பதில் இதுதான். அடியில் உள்ள பொத்தானை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். காசு செலவில்லை, நூறு சதவீதப் பலன், மெஷினுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அடிக்கடி கழற்றினால் சாக்கெட் தேயாதா என்று கேட்பார்கள். யூஎஸ்பி-சி சாக்கெட்டுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் ஆயுள் 10,000 தடவை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொருகி உருவினாலும் பதின்மூன்று வருடத்துக்கு மேல் வரும், அதற்குள் நீங்களே மதர்போர்டை மாற்றியிருப்பீர்கள். இதில் உள்ள உண்மையான தொல்லை வேறு. உருவிய கார்டு பையில் எங்கோ கிடக்கும், புரொஜெக்டர் முன்னால் நாலு பேர் காத்திருக்கும்போது சில்லறை, சாவி, விக்ஸ் டப்பா எல்லாம் வெளியே வரும், கார்டு மட்டும் வராது. பொந்து காலியாக இருந்தால் தூசு போகும் என்று பயமிருந்தால் அந்த இடத்தில் ஒரு யூஎஸ்பி-சி கார்டைப் போட்டுவிடுங்கள், அதற்குத்தான் சாது என்றேன்.

பொந்து மாற்றுவது. இதுவும் இலவசம், ஆனால் எல்லா மெஷினிலும் பலன் இல்லை. இன்டெல் மாடல்களில் நான்கு பொந்துகளும் ஏறக்குறைய ஒரே தரம். ஏஎம்டியின் ரைசன் 7040 சில்லு உள்ள 13 அங்குல மாடலில் அப்படி இல்லை, பின்பக்கம், அதாவது திரையின் கீலுக்குப் பக்கத்தில், உள்ள இரண்டும் யூஎஸ்பி4, முன்பக்கம் உள்ள இரண்டும் யூஎஸ்பி 3.2, அதிலும் ஒன்றில் திரையே சொருக முடியாது. பின்பக்கப் பொந்துகளில் யூஎஸ்பி-ஏ கார்டு போட்டால் மின்செலவு கூடும் என்று ஃப்ரேம்வொர்க்கின் வழிகாட்டிப் படத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆகவே அந்த மாடல் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை மேலே படிப்பதற்கு முன் லேப்டாப்பைத் திருப்பி, ஏ கார்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் இருந்தால் முன்பக்கம் மாற்றுங்கள். ஒரு நிமிட வேலை.

ஃபர்ம்வேர் அப்டேட். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கார்டுகளுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு, ஏ கார்டில் அப்டேட் செய்ய மூளையே இல்லை. திரை எதுவும் இணைக்காதபோது கார்டு குறைவாக இழுப்பதற்காகவே ஃப்ரேம்வொர்க் ஃபர்ம்வேர் தந்திருக்கிறது. உங்கள் கார்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை அவர்களுடைய ஃப்ரேம்வொர்க் டூல் என்ற கமாண்ட் கருவியில் பார்க்கலாம். பழையதாக இருந்தால் முதலில் இதைச் செய்துவிட்டு மறுபடி அளங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, அப்டேட் ஓடும்போது கார்டை உருவக்கூடாது. உருவினால் கார்டு செங்கல் போலப் பயனற்றுப் போகலாம்.

மென்பொருளில் சரிகட்டுவது. பவர்டாப்பின் ஆட்டோ டியூன், டிஎல்பி (லினக்ஸில் பேட்டரியைச் சேமிக்கும் மென்பொருள்) இதெல்லாம் யூஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும். ஸ்டோரேஜ் கார்டு, ஈதர்நெட், மெமரி கார்டு ரீடர் போன்றவற்றுக்கு இது நன்றாகவே உதவும். காலி ஏ கார்டுக்கு? ஒன்றும் ஆகாது. தூங்க வைப்பதற்கு அங்கே கருவி என்று எதுவும் இல்லை, கருவிகளின் பட்டியலில் தேடினாலும் அது வராது. இதைத் தெரியாமல் நான் ஒரு முழுச் சனிக்கிழமையை டிஎல்பியின் அமைப்புகளை மாற்றி மாற்றி வீணடித்தேன். பவர்டாப் ஆட்டோ டியூன் போட்டால் சில மவுஸ்கள் இரண்டு வினாடி தொடாவிட்டால் தூங்கிப்போய், தொட்டதும் திக்கித் திக்கி எழும். டிஎல்பி கீபோர்டு மவுஸைத் தானாகவே விட்டுவிடும், அதனால் இரண்டில் ஒன்று என்றால் எனக்கு டிஎல்பி.

மூடி வைக்கும்போது தூங்க விடாமல் ஹைபர்னேட் செய்துவிடலாமே என்று ஒரு வாதம் உண்டு, நியாயமான வாதம். நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும், கார்டு என்ன போட்டிருந்தாலும் கவலையில்லை. ஆனால் அதற்கு டிஸ்கில் ஸ்வாப் என்ற இடம் ஒதுக்க வேண்டும், செக்யூர் பூட் (சரிபார்த்த மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் பல லினக்ஸ் விநியோகங்களில் கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், இது மூடி வைத்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஐந்து மணி நேரத்துக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கார்டை விட்டுவிட்டு கேபிளுக்கு மாறுவது என்று ஒன்று இருக்கிறது, எச்டிஎம்ஐக்கு என் ஓட்டு இதற்குத்தான். சி-டு-எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அந்தக் கார்டே தேவையில்லை. டிவி, புரொஜெக்டர் எதுவானாலும் எப்படியும் ஒரு கேபிள் வேண்டும், அது இதுவாக இருந்துவிட்டுப் போகட்டுமே. கழற்றியதும் சிசி காலி, கரண்ட் காலி. எதிர்வாதம் ஒன்றே ஒன்று. கல்லூரியிலோ ஆபீஸிலோ மேசையில் ஏற்கெனவே ஒரு எச்டிஎம்ஐ கேபிள் சுருண்டு கிடக்கும், அதில் நேராகச் சொருகத்தான் எல்லோரும் கார்டை வைத்திருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் வகுப்பெடுக்கும் ஆளுக்கு நான் கேபிள் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பலரும் ஆசையோடு கேட்கும் வழி. கார்டைப் பிரித்து மாற்றியமைப்பது.

இதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் அடிப்படையில் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கம்பியை அறுப்பது? முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, எனக்கும் தோன்றியது, 5 வோல்ட் கம்பியில் ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம் என்பது. கரண்ட் போவது அதில்தானே, அதை நிறுத்தினால் சரியாகிவிடும் அல்லவா. ஆகாது. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், செலவில் பெரும்பகுதி லேப்டாப்புக்குள்ளே நடக்கிறது. 5 வோல்ட்டை அறுத்தாலும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சிசியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், லேப்டாப் விருந்தாளி இருக்கிறார் என்று நம்பிக்கொண்டுதான் இருக்கும். சாப்பாட்டை நிறுத்திவிட்டோம், ஆனால் ஹாலில் ஃபேன், லைட், டிவி எல்லாம் ஓடுகிறது என்ற கதை.

அறுக்க வேண்டியது சிசியை. அது திறந்துவிட்டால் லேப்டாப்புக்குக் கார்டு உருவப்பட்டதாகவே தெரியும். 5 வோல்ட் தானாக நிற்கும், எச்டிஎம்ஐ கார்டுக்குத் திரை சிக்னலும் போகாது, உள்ளே விழித்திருந்த சில்லுகளும் தூங்கப் போகும். சுவிட்சைத் திரும்பப் போட்டால் கார்டு அப்போதுதான் செருகப்பட்டது போலத் தொடக்கத்திலிருந்து எல்லாம் நடக்கும். இந்தக் கம்பியில் ஓடுவது மிகச் சொற்ப மின்னோட்டம் என்பதால் எவ்வளவு சின்ன சுவிட்சாக இருந்தாலும் தாங்கும். விலை குறைந்த ப்ளூடூத் பொம்மைகளில் இருக்குமே, நகத்தால் தள்ளும் சுவிட்ச், அதுவே போதும்.

ஏ கார்டில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் காட்டுகிறேன். கார்டின் ஓடு நெம்பினால் பிரியும், கிட்டார் வாசிக்கும் பிக் ஒன்று இருந்தால் கீறல் விழாது. உள்ளே ஒரு பச்சைப் பலகை, ஒரு முனையில் சி பிளக், மறுமுனையில் ஏ சாக்கெட். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைத் தரையில், மறுமுனையை அங்கங்கே இருக்கும் குட்டி ரெசிஸ்டர்களில் வைத்துப் பார்த்தால் 5.1 கிலோ காட்டும் ஆள் அகப்படுவார். ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருப்பார், தும்மினால் காணாமல் போய்விடுவார், உண்மையாகவே சொல்கிறேன், ஃபேனை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். அதைச் சால்டரிங் அயர்னால் ஒரு பக்கம் தூக்கி, அந்த இடைவெளியில் எனாமல் கம்பி இரண்டு இழுத்து சுவிட்சுக்குக் கொண்டுபோக வேண்டும். மெல்லிய முனை, நல்ல ஃப்ளக்ஸ் (ஈயம் ஒழுங்காக ஒட்ட உதவும் பசை), ஒரு பூதக்கண்ணாடி மூன்றும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. சுவிட்சை வைக்க ஓட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. ஓட்டைத் திரும்ப மூட உள்ளே இடம் போதுமா என்பதை முதலிலேயே சுவிட்சை வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் சால்டரிங் முடித்துவிட்டுத்தான் பார்த்தேன், அதனால் அதை மறுபடி பிடுங்க வேண்டியதாயிற்று.

முடித்ததும் நேராக லேப்டாப்பில் செருகிவிடாதீர்கள். பிளக்கில் சிசி பின்னுக்கு ஒட்டிப் பக்கத்து வீடே 5 வோல்ட் பின்தான். ஈயம் ஒரு முடி அளவு வழிந்தால் போதும், 5 வோல்ட் சிசி வழியாக நேராக மதர்போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் போகும். மல்டிமீட்டரில் இரண்டுக்கும் நடுவே தொடர்பு இல்லை என்று பாருங்கள். அப்புறம் ஒரு பழைய சி சார்ஜரையும், பெண்-சி முனையுள்ள ஒரு நீட்டிப்பையும் எடுத்து (சார்ஜரிலேயே சி சாக்கெட் இருந்தால் நீட்டிப்பும் வேண்டாம்) கார்டை அதில் செருகி, ஏ சாக்கெட்டில் ஒரு யூஎஸ்பி விளக்கைச் சொருகுங்கள். சுவிட்ச் போட்டால் விளக்கு எரிய வேண்டும், அணைத்தால் அணைய வேண்டும். சார்ஜரும் அதே சிசி விதியைத்தான் பின்பற்றுகிறது என்பதால் இது கச்சிதமான சோதனை. புகை வந்தாலும் இருநூறு ரூபாய் சார்ஜரோடு போகும்.

எச்டிஎம்ஐ கார்டில் இதையே செய்யலாமா என்றால், கொள்கையளவில் ஆமாம். ஆனால் அங்கே 5.1 கிலோ ஓம் தனி ரெசிஸ்டராக வெளியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அது கட்டுப்பாட்டுச் சில்லுக்கு உள்ளேயே இருக்கலாம், அப்போது பலகையில் ஓடும் தலைமுடி போன்ற செப்புத் தடத்தையே கத்தியால் அறுத்து, இரண்டு பக்கமும் பச்சைப் பூச்சைச் சுரண்டி, கம்பி ஒட்ட வேண்டும். அந்தச் சிசி வழியாகத்தான் கார்டும் லேப்டாப்பும் பேசிக்கொள்கின்றன, அதனால் ஒட்டு பலவீனமாக இருந்தால் படம் சில சமயம் வரும், சில சமயம் வராது. சில சமயம் வராத எச்டிஎம்ஐ என்பது எச்டிஎம்ஐ இல்லாததைவிடக் கேவலம். கூட்டத்தின் நடுவில் அது உங்களைக் கைவிடும் நேரத்தை அது நன்றாகவே தேர்ந்தெடுக்கும். எனக்கு அந்த அளவு கை சுத்தம் கிடையாது, அதனால் எச்டிஎம்ஐயை நான் தொடவில்லை.

சுவிட்ச் எல்லாம் வேண்டாம், ஏ சாக்கெட்டில் எதையாவது சொருகினால் மட்டும் சிசி தானாக இணையும்படி செய்ய முடியாதா என்றும் கேட்பார்கள். முடியும், சாக்கெட்டுக்குள் பென் டிரைவின் உடல் வந்து தட்டும் இடத்தில் ஒரு குட்டி லீவர் சுவிட்சைப் பொருத்தினால் நடக்கும். கார்டு வடிவமைக்கத் தேவையான மாதிரி வரைபடங்களை ஃப்ரேம்வொர்க் கிட்ஹப் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தில் வெளியிட்டிருக்கிறது, யாரும் தங்களுடைய கார்டைத் தாங்களே வடிவமைத்துக்கொள்ளலாம். பலகை வரையத் தெரிந்தவர்களுக்கு நல்ல வேலை இது. இருக்கும் கார்டை வெட்டிச் செய்வதைவிட, புதிதாக ஒரு பலகையை அச்சடித்துச் செய்வது சுத்தமாகவும் இருக்கும். அந்த அளவுக்குப் போகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை.

ஆகவே யார் எதைச் செய்யலாம்? மாதத்துக்கு ஒரு தடவை பென் டிரைவ் போடுபவர் ஏ கார்டை உருவி மேசை டிராயரில் போட்டுவிட்டு, சி கார்டு வைத்துக்கொள்ளலாம், விஷயம் முடிந்தது. எச்டிஎம்ஐ எப்போதாவதுதான் என்றால் கேபிள். வாரம் முழுக்க புரொஜெக்டரில் சொருகுபவர் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு கார்டை அப்படியே விட்டுவிடட்டும், வகுப்பறையில் சார்ஜ் பாயின்ட் எப்படியும் இருக்கும். மெஷின் ராத்திரியெல்லாம் சார்ஜரில்தான் கிடக்கிறது, பகலிலும் மேசையை விட்டு நகர்வதில்லை என்றால் இவற்றில் எதையுமே செய்யாதீர்கள், ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினாலும் ஒன்பது யூனிட்கூட வராது. சால்டரிங் யாருக்கு என்றால், ஏ சாக்கெட் தினமும் வேண்டும், ஆனால் நாளில் பத்து நிமிடம்தான் வேண்டும், மீதி நேரமெல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும், கூடவே ஒரு கார்டு பாழானாலும் மனசு உடைந்துவிடாது என்று இருப்பவருக்கு. இது நான்கும் சேர்ந்த ஆள் குறைவு. நான்கில் மூன்றுதான் எனக்குப் பொருந்தியது. என் கார்டுகள் சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை, பாழானால் அடுத்து அவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருந்தும் செய்தேன். வீட்டில் சால்டரிங் அயர்ன் சும்மா இருந்தது என்பதைத் தவிர அதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் இல்லை.

வேலை ஒழுங்காகத்தான் முடிந்தது. சுவிட்சை அணைத்தால் பவர்டாப்பில் காட்டும் எண், கார்டை உருவியபோது காட்டிய எண்ணுக்கே வந்து நிற்கிறது, அதைவிட வேறென்ன வேண்டும். போன வாரம் அப்பா ஏதோ கல்யாண போட்டோக்களை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து சொருகினார். எடுத்தார், திருப்பிச் சொருகினார், வாயால் ஊதிச் சொருகினார். நான் குளித்துவிட்டு வந்தபோது லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "இந்த ஓட்டை செத்துப்போச்சுடா, கடையில காமிச்சு மாத்திரு" என்றார். நகத்தால் சுவிட்சைத் தள்ளினேன், போட்டோக்கள் வந்தன. அவர் லேப்டாப்பைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.